கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

நம் ஊரில் கணினி முன்னால் உட்காருகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. திரை வந்ததும் காலி இடத்தில் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி ‘ரெஃப்ரெஷ்’ கொடுப்பார்கள். ஒரு தடவையோடு விடமாட்டார்கள், நாலைந்து தடவை. எஃப்5 விசை தெரிந்தவர்கள் அதைத் தட்டோ தட்டென்று தட்டுவார்கள். வங்கிக் கவுன்டர், ஜெராக்ஸ் கடை, கல்லூரி ஆய்வகம் என்று எங்கும் இதைப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் கணினிக்குச் சுறுசுறுப்பு வரும் என்பது நம்பிக்கை.

அந்தக் கட்டளை செய்வது ஒரே வேலை. டெஸ்க்டாப் என்பதும் ஒரு கோப்புறைதான். அதில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று இன்னொரு முறை பார்த்து, ஐகான்களைப் புதிதாக வரைந்து காட்டும். ரேமைத் துடைப்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நிறுத்துவதில்லை. இப்போதுதான் சேமித்த கோப்பு திரையில் தென்படவில்லை என்றால் அதனால் பயன் உண்டு. மற்ற நேரத்தில் ஐகான்கள் ஒரு தடவை கண் சிமிட்டுவதோடு சரி. ஆனாலும் இந்தப் பழக்கம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். ஐகான்கள் சட்டென்று சிமிட்டினால் கணினி தயார், தயங்கித் தயங்கிச் சிமிட்டினால் உள்ளே ஏதோ வேலை நடக்கிறது. நாடி பிடித்துப் பார்ப்பதை வைத்தியம் என்று நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

‘சிஸ்டம் ஸ்லோவா இருக்கு’ என்கிற புகாரில் ஒரு விசித்திரம் உண்டு. பிராசஸர் சில்லுக்கு மூப்பு கிடையாது. வாங்கிய அன்று நொடிக்கு 300 கோடி துடிப்புகளில் ஓடிய சில்லு, பத்து வருடம் கழித்தும் 300 கோடியில்தான் ஓடும். (விசிறியில் தூசி அடைத்துச் சூடு ஏறினால், தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரக் காலத்தில் இதுவும் நடக்கிறதுதான். அதற்குத் தேவை ஒரு தூரிகை. மென்பொருள் எதுவும் உதவாது.) பிராசஸர் பழைய வேகத்திலேயே இருக்க, நாம் மட்டும் சுழல்கிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றால், அது எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடிப்பதுதான் பராமரிப்பில் முதல் வேலை. அதைப் பார்க்காமல் செய்கிற மற்ற எல்லாமே ரெஃப்ரெஷ் வகையறா.

பார்ப்பதற்குக் கருவி கணினியிலேயே இருக்கிறது. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மைக்ரோசாஃப்டில் பொறியாளராக இருந்த டேவ் பிளம்மர் எழுதிய நிரல் இது. 1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்தது. மேக் கணினியில் இதன் இணை ஆக்டிவிட்டி மானிட்டர், லினக்ஸில் சிஸ்டம் மானிட்டர். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு பத்திகள் இருக்கும். எந்தப் பத்தி நூறைத் தொட்டு நிற்கிறதோ அங்கேதான் வரிசை நிற்கிறது.

நான்கு ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ஒரு அலுவலகக் கணினியைக் காலையில் போட்டவுடன் இதைத் திறந்து பாருங்கள். சிபியு 12 சதவீதம், நெட்வொர்க் பூஜ்யம், டிஸ்க் மட்டும் 100. ஆனால் டிஸ்க் எவ்வளவு தகவலைக் கொண்டுவருகிறது என்று பார்த்தால் நொடிக்கு ஒரு எம்பிகூட இருக்காது. இதே டிஸ்க், ஒரு பெரிய சினிமாக் கோப்பை நகலெடுக்கும்போது நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் தருகிறது. இப்போது மட்டும் ஏன் முழு மூச்சாக உழைத்தும் கைக்கு ஒன்றும் வரவில்லை?

காரணம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய தகவல் உள்ள வளையத்துக்குப் படிப்பு முனை நகர்ந்து போக எட்டு மில்லிநொடி. போன பிறகு, அந்த இடம் சுழன்று முனைக்கடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது நான்கு மில்லிநொடி. ஆக ஒரு துணுக்கை எடுக்கப் பன்னிரண்டு மில்லிநொடி. நொடிக்கு எண்பது துணுக்குகளுக்கு மேல் எடுக்க முடியாது. துணுக்கு ஒவ்வொன்றும் நான்கு கேபி என்றால், நொடிக்கு 320 கேபி. பெரிய சினிமாக் கோப்பு ஒரே வரிசையில் கிடப்பதால் முனை நகர வேண்டியதில்லை. காலையில் கணினியைப் போட்டதும் நடப்பது வேறு: ஆன்டிவைரஸ் ஒரு மூலையைக் கேட்கும், அப்டேட் இன்னொரு மூலையை, தேடல் அட்டவணை வேறொன்றை, மேகச் சேமிப்பு நிரல் மற்றொன்றை. முனை நேரமெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது, படிப்பதற்கு நேரமில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது மில்லிநொடிக் கணக்கில் மனதில் பதியாது. ரேமிலிருந்து ஒரு துணுக்கை எடுக்கப் பிராசஸருக்குச் சுமார் நூறு நானோநொடி ஆகிறது. அதை ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம்: சமையல் செய்துகொண்டிருக்கிறவர் கைக்கெட்டும் அலமாரியிலிருந்து உப்பை எடுக்கிற நேரம். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே தகவலை வைக்கும் எஸ்எஸ்டி அதே கணக்கில் பதினேழு நிமிடம். தெருமுனைக் கடைக்கு நடந்து போய் உப்பு வாங்கி வந்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் முப்பத்துமூன்று மணி நேரம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலேறிப் போய், உப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து திரும்புகிற நேரம். அதுவரை அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

எனவே பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது. மற்ற எந்த யோசனையும் இதற்கு அருகில் வராது. அதற்கு வசதிப்படாதவர்கள் ஒன்றாவது செய்யலாம்: காலையில் போட்டவுடன் ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் இருக்கலாம். எக்செல் திறக்கவில்லையே என்று மறுபடி மறுபடி இரட்டைச் சொடுக்குப் போடும் ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே திணறுகிற வரிசையில் இன்னொரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். கடைசியில் எக்செல் மூன்று சாளரங்களாகத் திறக்கும்.

டிஸ்க்குக்குப் போகிற பயணங்களில் பல, ரேம் போதாமையால் வருபவை. இது பழைய கதை. 1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் அட்லஸ் என்ற கணினியை இயக்கினார்கள். அதன் முதன்மை நினைவகம் சிறியது, கூடவே காந்தப்பூச்சுள்ள உருளை ஒன்று பெரியதாக, மந்தமாக இருந்தது. இரண்டையும் ஒரே பெரிய நினைவகம்போல் நிரலுக்குக் காட்டும் உத்தியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்து, இப்போதைக்குத் தேவைப்படாத பக்கத்தை உருளைக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது திருப்பி அழைப்பது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் கணினியும் அதையேதான் செய்கிறது. பக்கம் நான்கு கேபி. உருளைக்குப் பதில் டிஸ்க்கில் ஒரு பேஜ் ஃபைல்.

இந்த உத்தி ஓர் எல்லைவரை அருமையாக ஓடும். எல்லையைத் தாண்டினால் சரிவு படிப்படியாக வருவதில்லை, திடுதிப்பென்று வரும். நிரல்களுக்கு ஒரே சமயத்தில் வேண்டிய பக்கங்களின் மொத்தம் ரேமைவிடப் பெரிதாகிவிட்டால், ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும். தள்ளிய பக்கத்தை அடுத்த கணமே யாராவது கேட்பார்கள். கணினி தன் நேரம் முழுவதையும் பக்கம் மாற்றுவதிலேயே செலவழிக்கும், உருப்படியான வேலை ஒன்றும் நடக்காது. இதற்குத் த்ராஷிங் என்று பெயர். பீட்டர் டென்னிங் 1968இல் இதன் காரணத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். நம் பேச்சில் ‘ஹேங் ஆயிடுச்சு’ என்பதில் பெரும்பங்கு இதுதான். அடையாளம் காண்பது எளிது: மெமரி பத்தி தொண்ணூறைத் தாண்டி நிற்கும், டிஸ்க் நூறில் நிற்கும், ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் எழுத்துகள் வர நேரமாகும். மருந்து பிரவுசரில் இருக்கும் தாவல்களை மூடுவது. குரோம் 2008இல் வந்ததிலிருந்தே தாவல்களைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து ஓட்டுகிறது. ஒன்று விழுந்தால் மற்றவை பிழைக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பாதுகாப்புக்கு விலை ரேம். நாற்பது தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ‘நான் ஒரு நிரல்தானே ஓட்டுகிறேன்’ என்று சொல்வதில் நியாயமில்லை.

அதற்காக ரேம் நிறைந்திருப்பதையே நோயாகக் கருதவும் கூடாது. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை என்பதால், அண்மையில் படித்த கோப்புகளின் நகல்களை இயங்குதளம் அதில் வைத்துக்கொள்ளும். வேறு நிரலுக்கு இடம் வேண்டும் என்றால் அந்த நொடியே காலி செய்து கொடுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் ‘கேஷ்டு’ என்றும், லினக்ஸில் ‘பஃப் கேஷ்’ என்றும் இதைக் காணலாம். பார்க்க வேண்டிய எண் ‘அவைலபிள்’ என்பதற்கு எதிரே உள்ளது. ரேம் பூஸ்டர் என்று விற்கப்படும் நிரல்கள் செய்வது, பயனுள்ள இந்த நகல்களையெல்லாம் விரட்டிவிட்டு ‘இரண்டு ஜிபி விடுவித்தேன்’ என்று பச்சை எழுத்தில் காட்டுவது. அடுத்த சொடுக்குக்கு எல்லாம் டிஸ்க்கிலிருந்து திரும்ப வர வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும் இதே சாதி. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் குறிப்பேடு ரெஜிஸ்ட்ரி. அதில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். பயனற்ற ஐந்நூறு பதிவுகளை நீக்குவதால் வேகம் கூடாது; தவறான ஒன்றை நீக்கினால் அச்சுப்பொறி வேலை செய்யாமல் போகலாம். இப்படிப்பட்ட நிரல்களுக்குத் தன் ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. இடம் போதவில்லை என்றால் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ இருக்கிறது, அது போதும். விண்டோஸ் கோப்புறைக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று பல ஜிபி காட்டும் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு அழித்துவிட வேண்டாம். ஒரே கோப்புக்கு இரண்டு முகவரிகள் கொடுத்து வைத்திருப்பதால் அதன் அளவு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதை அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காது.

எஸ்எஸ்டி போட்டவர்கள் மறக்க வேண்டிய பழைய பாடம் ஒன்று உண்டு: டீஃப்ராக். ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்பை ஒன்றுசேர்த்தால் முனையின் ஓட்டம் குறையும். எஸ்எஸ்டியில் முனையே இல்லை, எந்த மூலையிலிருந்தும் எடுக்க ஒரே நேரம்தான். அங்கே வேறு சிக்கல். அதன் சில்லுகளில் எழுதுவது சில கேபி அளவுள்ள பக்கம் பக்கமாக. அழிப்பதோ அப்படிப் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியாக மட்டுமே முடியும். ஏற்கெனவே எழுதிய பக்கத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. அதனால் எஸ்எஸ்டி உள்ளுக்குள் எப்போதும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது: ஒரு தொகுதியில் உயிருள்ள பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, மொத்தத்தையும் அழித்துத் தயாராக வைக்கும். நீங்கள் ஒரு கோப்பை நீக்கியது அதற்குத் தானாகத் தெரியாது. ‘இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம்’ என்று இயங்குதளம் சொல்ல வேண்டும். அந்தச் செய்திக்குப் பெயர் ட்ரிம். விண்டோஸ் 7 முதல் அது தானாகவே போகிறது. நம் பங்கு ஒன்றே ஒன்று. டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பாமல், பத்தில் ஒன்றிரண்டு பங்கு காலியாக விடுவது. காலியிடம் இல்லாவிட்டால் நகர்த்துவதற்கு இடமில்லை, எழுதும் வேகம் படுத்துவிடும்.

ட்ரிம்முக்கு ஒரு பக்கவிளைவும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கல்யாண ஆல்பத்தை மீட்டுத் தருகிற கடைக்காரர்கள், எஸ்எஸ்டி என்றதும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஹார்ட் டிஸ்க்கில் நீக்குவது என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதுதான். அதன்மேல் வேறு எதையும் எழுதும்வரை படம் அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியிலோ ட்ரிம் போனதும் அந்த இடம் உண்மையிலேயே துடைக்கப்பட்டுவிடக் கூடும்.

இனி, அணைப்பது. தினமும் ராத்திரி ஒழுங்காக ‘ஷட் டவுன்’ கொடுப்பவர்கள், டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் கீழே ‘அப் டைம்’ என்ற வரியைப் பார்த்தால் அசந்துபோவார்கள். பதினான்கு நாள், இருபது நாள் என்று காட்டும். பொய்யில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் கருவை மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிடும். மறுநாள் அதை எடுத்து ரேமில் போட்டுவிட்டால் சீக்கிரம் திரை வந்துவிடும். ஆனால் கருவுக்குள்ளும் டிரைவர்களுக்குள்ளும் ஏற்பட்ட சிறு கோளாறுகளும் சேர்ந்தே திரும்பி வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வாடிக்கையாளர் சேவை மையங்களில் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?’ என்று கேட்பதை நாம் கிண்டல் செய்கிறோம். அணைத்துப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைதான். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினாலும் முழுமையாக அணையும்.

திரை மட்டும் கறுத்துப்போய், உள்ளே கணினி ஓடுவதுபோலத் தெரிந்தால், பவர் பொத்தானைத் தொடுவதற்கு முன் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஒரு ‘பீப்’ ஒலியோடு திரையைக் கையாளும் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். எழுதிக்கொண்டிருந்த கடிதம் பிழைக்கும்.

கரண்ட் போவதைச் சொல்லாமல் நம் ஊர்க் கணினிப் பராமரிப்பு முழுமையாகாது. பழைய விண்டோஸ் 98 காலத்தில் திடீரென்று மின்சாரம் போனால், திரும்பப் போடும்போது நீலத்திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடும். இன்றைய கோப்பு முறைமைகளான என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 ஆகியவை ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன் ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் செய்கின்றன. நடுவில் மின்சாரம் போனால், திரும்பி வந்து நாட்குறிப்பைப் பார்த்து, பாதியில் நின்ற வேலையை முடிக்கும், அல்லது விட்டுவிடும். ஆனால் இந்தக் குறிப்பு காப்பாற்றுவது கோப்புகளின் பட்டியலையும் அமைப்பையும்தான். கோப்புக்குள் நீங்கள் தட்டச்சு செய்த மூன்று பத்திகள் ரேமில் மட்டும் இருந்திருந்தால் அவை போனதுதான். யுபிஎஸ் பேட்டரி இரண்டு நிமிடம் தாங்கினாலும் போதும், சேமித்து அணைக்க. அது அரை நொடியாவது தாங்குகிறதா என்பதை, மின்சாரம் இருக்கும்போதே ஒரு நாள் சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்டேட்டுகளைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. வந்ததும் போட்டுவிட வேண்டும் என்பது ஒன்று. அதை முடக்கி வைத்தால்தான் நிம்மதி என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே நம் கணினிகளுக்குப் புதன்கிழமைக் காலைதான் அது வந்து சேரும்; அந்தப் புதன்களில் டிஸ்க் நூறில் நின்றால் காரணம் தேட வேண்டியதில்லை. 2017 மார்ச் 14 அன்று அப்படி வந்த திருத்தம் ஒன்று, கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையை அடைத்தது. சரியாக இரண்டு மாதம் ஆகும் முன், மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. திருத்தத்தைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. மறுபக்கம், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. பல கணினிகளை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து ஒரே ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

என் கட்சி எது என்றால், பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடக் கூடாது. புதிய வசதிகளோடு வருகிற பெரிய பதிப்பு மாற்றத்துக்கு ஓரிரு மாதம் பொறுக்கலாம். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு போடுகிற கணினியில் அன்றைக்கு எதையும் போடாமல் ஒரு வாரம் நிறுத்தி வைக்க ‘பாஸ்’ பொத்தான் இருக்கிறது. போட ஆரம்பித்த பிறகு முப்பது சதவீதத்தில் பொறுமையிழந்து சுவிட்சை அணைப்பது மட்டும் ஆகாது.

எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சுவது காப்பு நகல். நம் ஊரில் கணினி பொருத்தித் தருகிறவர்கள் ஒரே டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துத் தருவது வழக்கம். ‘டி டிரைவில் போட்டிருக்கேன், பத்திரமா இருக்கும்’ என்று எல்லாரும் சொல்வார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சி மட்டும் அழியும், டி தப்பிக்கும் என்ற வரையில் அது சரி. டிஸ்க் செத்துப்போனால் மூன்றும் ஒன்றாகவே சாகும், ஏனென்றால் அவை ஒரே தட்டில் கோடு கிழித்துப் பிரித்த இடங்கள்தான். டிஸ்க் சாவதற்கு முன் சொல்லிவிட்டுச் சாகும் என்பதையும் நம்ப முடியாது. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கணக்கெடுக்கும் ஸ்மார்ட் என்ற வசதியில், பழுதை முன்கூட்டிக் காட்டக்கூடிய முக்கியமான குறிகள் நான்கு. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், அந்த நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது தொழில்முறையாளர்கள் சொல்லும் கணக்கு. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, மேகச் சேமிப்பு ஒன்று என்றால் சாதாரண ஆளுக்கு அது வந்துவிடும். ஆனால் மேகத்தோடு ஒத்திசைந்து நிற்கும் கோப்புறையை மட்டும் நம்பினால், இங்கே அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். குப்பைத் தொட்டியில் சில நாள் தங்கும், அவ்வளவே. வெளி டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்திருந்தால் பணயத் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கோப்பை எப்போதாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான். புதிய கணினி வாங்கியவர்களுக்கு இன்னும் ஒன்று: விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று ஒரு நீட்டிப்பு. விண்டோஸ் 11 பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட சில நிபந்தனைகளை வைக்கிறது. 2017க்கு முன் வந்த பிராசஸர்களில் பெரும்பாலானவை தேறாது. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. ஒரு பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். டிஸ்க்கில் எதையும் தொடாது. வைஃபை வருகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்த வரிசையில் உண்டு. கட்டணம் கட்டாமல் விண்டோஸை ‘ஆக்டிவேட்’ செய்து தருகிற கிராக் நிரல்களைப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்று சொல்கிற நிரல் வேறென்ன கொண்டுவருகிறது என்று யாருக்குத் தெரியும்?

எந்த வழியில் போனாலும், ‘ஃபார்மட் அடிச்சுட்டா புதுசு மாதிரி ஓடும் சார்’ என்று கடைக்காரத் தம்பி சொல்கிற இடத்துக்கு வந்து சேர்வோம். அவர் சொல்வது சரியே. அடிப்பதற்கு முன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்பதை அவர் கேட்கமாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும். டாக்குமென்ட்ஸும் படங்களும் எல்லாருக்கும் நினைவு வரும். டேலி கணக்குகளின் கோப்புறை பெரும்பாலும் சி டிரைவிலேயே இருக்கும், அது நினைவு வராது. டெஸ்க்டாப்பில் குவித்து வைத்ததெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதும் நினைவு வராது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருளின் பழைய கடிதங்கள், பிரின்டரின் டிரைவர் ஆகியவையும் அந்த வரிசையில் வரும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் கூடுதலாக ஒன்றை எடுக்க வேண்டும். யுனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் அச்சகங்களிலும் வக்கீல் அலுவலகங்களிலும் இன்னும் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். ஃபார்மட் அடித்த கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் இருபது வருடக் கிரயப் பத்திரங்கள் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற கோப்புறை இருக்கிறது. அதை முழுதாக ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச நிரல் ஒன்றில் முக்கியமான ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால், அடுத்த ஃபார்மட்டுக்கு எழுத்துருவைத் தேட வேண்டியிருக்காது.